மாலதிக்கு, மஞ்சக்குப்பத்திலிருந்து

கடலூர்

அன்புள்ள மாலதி,

உன் கடிதம் கிடைத்தது. உன் மகளுக்குக் கோவையிலேயே கல்லூரியில் இடம் கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. அம்மா நலம், முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. பண்ருட்டிப் பலா வரத்து தொடங்கிவிட்டது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். “வேலையும் குடும்பமும் நல்லபடியாக நடக்கும்போது, நாற்பதைத் தாண்டிய பிறகு ஆட்டிசமா என்று பார்த்து என்ன ஆகப்போகிறது?” என்று எழுதியிருந்தாய். அக்கறையோடுதான் கேட்கிறாய் என்று தெரியும். எங்கள் குடும்ப மருத்துவரும் ஏறக்குறைய அதையேதான் கேட்டார். மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றதும், “முகம் பார்த்து நன்றாகப் பேசுகிறீர்களே அம்மா! மன அழுத்தமாக இருக்கும், தூக்கத்துக்கு மாத்திரை தருகிறேன்” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் இத்தனை காலம் பார்த்தது நான் பழகி வைத்திருக்கும் முகத்தை. எதிரில் இருப்பவரின் இரண்டு புருவங்களுக்கு நடுவே பார்த்துப் பேச நான் பள்ளியிலேயே கற்றுக்கொண்டுவிட்டேன். அது உனக்குக்கூடத் தெரியாது.

அந்த அறையில் எனக்கு வாய் எழாது என்பதால் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். யாருக்காவது போன் செய்யும் முன் பேசப்போவதை வரி வரியாக எழுதி வைத்துக்கொள்வது. அலுவலகத்தில் டியூப்லைட் இரைந்தால் கணக்கில் மனம் நிற்காமல் போவது. கல்யாண மண்டபத்தில் மேளமும் மைக்கும் சேர்ந்ததும் வெளியே வந்து வண்டிகளுக்கு நடுவே நின்றுகொள்வது. விருந்தினர் வந்துபோன மறுநாள் பேச்சே வராமல் படுத்துக் கிடப்பது. ஒவ்வொன்றின் பக்கத்திலும், எந்த வயதிலிருந்து என்று குறித்திருந்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் படித்தார். பிறகு எதுவும் பேசாமல் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறைக்குக் கடிதம் எழுதினார். மனநல மருத்துவரை நேரே போய்ப் பார்க்கவும் தடையில்லைதான். ஆனால் ‘ஆட்டிசம் மதிப்பீட்டுக்காக’ என்று கடிதத்திலேயே இருந்தால் பேச்சு அங்கிருந்து தொடங்கும். அதனால் அந்த வார்த்தைகளைக் கேட்டு எழுதி வாங்கினேன்.

வயதைப் பற்றிச் சொன்னாயே. இன்னது என்று கண்டறிய மனநல மருத்துவர்கள் கையாளும் டி.எஸ்.எம்.-5 என்ற நூல் 2013இல் வந்தது. அறிகுறிகள் சிறுவயதிலேயே இருந்திருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் வாழ்க்கை கேட்பது நம் சக்தியை மீறும்வரை அவை முழுதாக வெளியே தெரியாமல் போகலாம், கற்றுக்கொண்ட வழிகளால் மறைந்தும் போகலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. ஒலி, வெளிச்சம், தொடுதல் தாங்காமல் போவதும் அந்தப் பதிப்பில்தான் அளவுகோலில் சேர்ந்தது. பெண் பிள்ளைகள் என்றால் ‘கூச்ச சுபாவம், அடக்கமான பெண்’ என்று பாராட்டி விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

நான் மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்காகப் போகவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஆனாலும் சான்றிதழ் தனி வழி, அது எனக்கு இப்போது வேண்டாம். அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தாய். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பதை நம் உரிமையாக்கியிருக்கிறது. எனக்கு வேண்டியது ஒன்றுதான். திமிர் பிடித்தவள், யாரோடும் ஒட்டாதவள் என்று பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் கேட்டேனே, அது என் குணமா, என் மூளை வேலை செய்யும் விதமா? ஆட்டிசம் இல்லை என்று அவர்கள் சொன்னாலும் ஏற்றுக்கொள்வேன். வேறு என்ன என்று அவர்களையே கேட்பேன்.

சிறுவயதைப் பற்றி விசாரிப்பார்கள் என்பதால் அம்மாவிடம் கேட்டேன். முருங்கைக் கீரை உருவிக்கொண்டே சொன்னார்: “பட்டுப் பாவாடை கட்டினாலே உடம்பெல்லாம் எரிகிறது என்று அழுவாய். புளியங்கொட்டையைத் தரையில் வரிசை வரிசையாக அடுக்குவாய். யாராவது ஒன்றை நகர்த்தினால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டாய்.” சற்று நேரம் கழித்து, “அதற்காக உன்னை நிறைய அடித்திருக்கிறேன்” என்றார். அதை மட்டும் நான் எழுதிக்கொள்ளவில்லை.

இனி உன் முறை. விடுதியில் மூன்று வருடம் என் அறையில் இருந்தவள் நீ. அம்மாவுக்குத் தெரியாததெல்லாம் உனக்குத் தெரியும். மெஸ்ஸுக்குக் கூட்டம் குறைந்த பிறகே நான் போனது, அறையில் கட்டிலை நகர்த்தியதற்கு உன்னோடு ஒரு வாரம் பேசாதது, இப்படி நினைவில் இருப்பதையெல்லாம் எழுதி அனுப்பு. எனக்குச் சாதகமாக எதையும் கூட்டவும் வேண்டாம், நான் வருந்துவேன் என்று குறைக்கவும் வேண்டாம். அடுத்த மாத இறுதியில் புதுச்சேரிக்குப் போகிறேன்; அதற்குள் உன் கடிதம் வந்துவிட வேண்டும்.

அன்புடன்,
வசந்தி