கொடிக்கயிறு யார் கையில்?

அன்புள்ள கார்த்தி,

மந்தைவெளியில் எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மருந்தை மட்டும் ஒழுங்காகப் போடுவதில்லை.

ஆகஸ்ட் 15 அன்று போனில், "கொடியேற்றம், மிட்டாய் எல்லாம் வெறும் சடங்குதானேம்மா" என்றாய். அடுப்பில் வேலை இருந்ததால் அப்போது சண்டை போட முடியவில்லை. இப்போது போடுகிறேன்.

சடங்குதான், சரி. ஆனால் கயிற்றை இழுப்பது யார் என்று பார்ப்பவள் நான். 1932 ஜனவரியில் பாஷ்யம் என்ற வாலிபர் ராத்திரியோடு ராத்திரியாக, வெள்ளைக்காரன் ஆண்ட சென்னைக் கோட்டையின் கொடிமரத்தில் ஏறி நம் கொடியைக் கட்டினார். அதே கோட்டையில், சுதந்திரம் வந்த பிறகும் ஆகஸ்ட் 15-க்குக் கொடியேற்றியது கவர்னர்தான். டெல்லி அனுப்பிய ஆள். அந்த உரிமையைக் கலைஞர் கேட்டு வாங்கிய பிறகு 1974 முதல்தான் நாம் ஓட்டுப் போட்டு வைத்த முதல்வர் ஏற்றுகிறார். நமக்கு மட்டுமில்லை, எல்லா மாநிலத்துக்கும் அப்போதுதான் கிடைத்தது. 27 வருஷம்!

அதோடு தீர்ந்ததா? 2020-ல், இதோ பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்தில், ஊராட்சித் தலைவியைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. தான் தலித் என்பதால் தடுத்தார்கள் என்று அந்த அம்மா சொன்னார். விஷயம் பேப்பரில் வந்து, சில நாள் கழித்துக் கலெக்டர் நேரில் வந்து நின்ற பிறகுதான் ஏற்றினார். ஜெயித்து வந்த தலைவிக்கே இந்த நிலைமை. வெறும் சடங்கை யாராவது இப்படி மெனக்கெட்டுத் தடுப்பார்களா, சொல்.

இப்போது நம் பிளாட் கதைக்கு வருகிறேன். வழக்கம்போல செக்ரட்டரி சார் ஏற்றினார், நீளமாகப் பேசினார். விடிவதற்குள் எழுந்து கோலம் போட்டு, கொடிக்குள் வைக்கப் பூ உதிர்த்துக் கொடுத்தது மாடிப்படி கூட்டுகிற செல்வி. மிட்டாய் அவளிடம் வந்தபோது டப்பா காலி. எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஜனவரி 26-க்குச் செல்வி ஏற்றட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். "பார்க்கலாம் மாமி" என்றார். அவர் பார்க்கலாம் என்றால் பார்க்க மாட்டார்.

நீயும் பிளாட் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறாய் அல்லவா? குட் மார்னிங் படம் மட்டும் போடாமல், எனக்கு ஆதரவாக ஒரு வரி போடு. வெளிநாட்டிலிருந்து வருகிற மெசேஜுக்கு இங்கே மதிப்பு கொஞ்சம் கூடுதல், அந்த வெட்கக்கேட்டையும் பயன்படுத்திக்கொள்வோம்.

அன்புடன்,
அம்மா