வாய்க்குள் வாய்த்தோலையே வைக்க முடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாய்ப்புற்று பற்றிய செய்தி வந்தாலே பாக்கை விடுங்கள், புகையிலையை விடுங்கள் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவர் அப்புறம் எப்படிச் சாப்பிடுகிறார் என்று யாரும் எழுதுவதில்லை.

என் மாமாவுக்கு நான்கு வருடம் முன்பு கன்னத்தின் உள்பக்கம் புற்று. அதை வெட்டியெடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலும் சதையுமாக எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் தொடைத்தோல் வாய்க்குள் போனாலும் தொடைத்தோல்தானே, முடி முளைக்கிறது! மாதத்துக்கு ஒருமுறை அத்தை அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, கன்னத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, சின்னக் கத்தரியால் வெட்டிவிடுவார். குழைந்த தயிர்சாதம்கூட அந்த முடியில் ஒட்டிக்கொள்வதால் பந்தியில் உட்காருவதையே மாமா விட்டுவிட்டார்.

இதற்கு வேறு வழியே இல்லையா என்று தேடியபோதுதான் தெரிந்தது, நோயாளியின் வாயிலிருந்தே துளி சதை எடுத்து வாய்த்தோலை வளர்க்க முடியும் என்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஃபைன்பெர்க்கும் ஜப்பானின் கென்ஜி இஸுமியும் சேர்ந்து செய்த வேலை இது. மேலண்ணத்தில் சிறு துண்டு எடுத்து, அதிலுள்ள செல்களை ஆய்வகத்தில் பெருக்கி, தானமாக வந்த தோலில் செல்களையெல்லாம் நீக்கிவிட்டு மிஞ்சும் அடித்தோலின் மேல் விதைக்கிறார்கள். 4 நாள் திரவத்துக்குள் மூழ்கியிருக்கும், பிறகு 7 நாள் மேல்பக்கம் காற்றில் படும்படி வைப்பார்கள், அந்தக் காற்று பட்டால்தான் அடுக்கடுக்காக நிஜ வாய்த்தோல் போலவே உருவாகிறது. நோயாளிகளின் வாயில் இதை வைத்துப் பார்த்த முடிவுகளை 2003லேயே வெளியிட்டுவிட்டார்கள். 2004இல் ஜப்பானில் வேறொரு குழுவினர் கண் பாதித்த 4 பேருடைய வாய்ச்செல்லை மெல்லிய ஏடாக வளர்த்து, சேதமான அவர்களுடைய கருவிழி மேலேயே வைத்துப் பார்வையைத் தேற்றியிருக்கிறார்கள்.

கன்னமே ஓட்டையாகிவிட்ட ஒருவருக்கு இந்த மெல்லிய தோல் மட்டும் போதாது, சதை வேண்டும்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் பாக்கு மென்று மென்று கன்னம் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாத அளவுக்கு வாய் திறக்க முடியாமல் போன பிள்ளைகள் எத்தனை பேர் நம் ஊர்களில் இருக்கிறார்கள்? இறுகிய பட்டையை அறுத்துவிட்டபின் உள்ளே பச்சைப்புண்ணாக நிற்கும் பரப்பை மூடத்தான் ஏதாவது வேண்டும், அதற்குச் சொந்த வாய்ச்செல்லில் வளர்த்த தோலை ஏன் முயன்று பார்க்கக் கூடாது?

அரசுப் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் தரமான செல் வளர்ப்புக் கூடம் அமைத்து, முறைப்படி அனுமதி பெற்ற ஆய்வாக, நோயாளியிடம் காசு வாங்காமல் இதைத் தொடங்கவேண்டும். காசு வாங்காமல் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், ‘ஸ்டெம் செல்’ என்று போர்டு மாட்டி லட்சக்கணக்கில் கறக்கும் இடங்களைத் தேடிப் போகிறவர்களை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு வாரம் இதற்கு இடம் கொடுங்கள். வாய் முகச் சீரமைப்பு டாக்டர்கள் இரண்டு பேரையாவது பார்த்து, இங்கே இதைச் செய்ய என்னென்ன தேவை, எவ்வளவு செலவாகும் என்று கேட்டுப் போடுங்கள்.

– வாசகி, தஞ்சாவூர்