கேட்க நேரமில்லை என்பது சரியான காரணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று யாரிடம் குறைபட்டுக்கொண்டாலும், 'கேட்கக் கூடாது என்றா இருக்கிறோம், நேரம் எங்கே இருக்கிறது?' என்ற பதில்தான் வருகிறது. மருத்துவர், ஆசிரியர், மேலதிகாரி, பெற்றோர் என எல்லோரும் சொல்லும் இந்தக் காரணத்தைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும் என்றே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நேரத்துக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு உள்ள இடம் மருத்துவரின் அறை. அங்கே நடப்பதை ஆய்வாளர்கள் கடிகாரம் வைத்தே அளந்திருக்கிறார்கள். ஹோவர்ட் பெக்மன், ரிச்சர்ட் பிராங்கல் ஆகிய இருவரும் அமெரிக்காவில் 74 சந்திப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கியபின் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிடுகிறார். தொடங்கியதைச் சொல்லி முடித்தவர்கள் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. சரி, குறுக்கிடாமல் விட்டால் மனிதர்கள் எவ்வளவு நேரம்தான் பேசுவார்கள்? சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவமனையில், நோயாளி தாமாகவே நிறுத்தும்வரை குறுக்கே பேசக் கூடாது என்று மருத்துவர்களைப் பழக்கிவிட்டு அளந்து பார்த்தார்கள். 2002இல் வெளியான அந்த ஆய்வில் சராசரி நேரம் 92 வினாடிகள். பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் இரண்டு நிமிடங்களுக்குள் தாங்களாகவே நிறுத்திக்கொண்டார்கள். 335 பேரில் ஐந்து நிமிடத்தைத் தாண்டியவர்கள் 7 பேர்தான். நாம் அனைவரும் அஞ்சிக்கொண்டிருப்பது அந்த ஏழு பேருக்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றரை நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய் எதை இழக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். தலைவலி என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'இரண்டு வாரமாக வலிக்கிறது' என்று அவர் தொடங்கியதுமே, 'எந்தப் பக்கம்? காலையிலா, மாலையிலா? வாந்தி உண்டா?' என்று கேள்விகள் அடுக்கப்படுகின்றன. கேள்விகள் ஒவ்வொன்றும் நியாயமானவையே. அவரும் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்கிறார். ஆனால் தம் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கி மூளையில் கட்டி என்று முடிந்தது என்பதைச் சொல்ல அந்தக் கேள்விகளில் இடமே இல்லை. சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, கதவைத் திறக்கும்போதுதான் 'இன்னொன்று கேட்கலாமா, டாக்டர்?' என்கிறார். போகிற போக்கில் கடைசியாக வெளிவருவதே உண்மையான கவலையாக இருப்பதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். மிச்சப்படுத்திய நேரம் அப்போது வட்டியோடு செலவாகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கத் துணியாமலே போய்விடுகிறவருக்கோ மருந்து கிடைத்ததே தவிர, வந்த காரியம் முடியவில்லை.

ஆக, தடை நேரம் அன்று. கேட்கும்போது நம் மனம் செய்துகொண்டிருக்கும் வேறொரு வேலையே தடை. ஒருவர் பேசி முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்த ஆய்வொன்று 2009இல் வெளியானது. சராசரி இடைவெளி ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே அரை வினாடிக்கு மேல் ஆகும் என்னும்போது, எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கையிலேயே நாம் பதிலைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறோம் என்பது தெளிவு. இது யாருடைய குணக்கேடும் அன்று. உரையாடல் தடையின்றி ஓடுவதற்கு அந்தத் தயாரிப்பு தேவை. ஆனால் பேச்சின் பாதியிலேயே பதில் முடிவாகிவிட்டால், மீதிப் பாதி நமக்கு வெறும் ஓசைதான். கோபத்தோடு வருபவர், பேசத் தயங்குபவர், நம்மைவிடச் சிறியவர் ஆகியோரிடம் இது அடிக்கடி நடக்கிறது. அவர்கள் என்ன சொல்லப்போகிறார்கள் என்பது நமக்கு முன்பே தெரியும் என்ற நினைப்புதான் காரணம்.

வகுப்பறையிலும் இதே கதைதான். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். அதை மூன்று வினாடிகளாக நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேசினார்கள்.

கேட்பது என்றால் ஒப்புக்கொள்வது என்று பலர் அஞ்சுகிறார்கள். ஒருவர் சொன்னதை முழுமையாகக் கேட்டுவிட்டு 'இது முடியாது' என்று மறுக்க யாருக்கும் உரிமை உண்டு; கேட்டபின் வரும் மறுப்பை ஏற்றுக்கொள்வதும் எளிது. இதற்கு நேர்மாறாக, கேட்பதுபோல் நடிக்கும் கலையும் வளர்ந்து வருகிறது. தலையாட்டுவது, சொன்னதையே திருப்பிச் சொல்வது, 'உங்கள் உணர்வு புரிகிறது' என்பது எனப் பயிற்சிப் பட்டறைகளில் இது பாடமாகவே நடத்தப்படுகிறது. (இருபது நிமிடம் காத்திருக்க வைத்துவிட்டு 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று இயந்திரக் குரலில் சொல்வதும் இதே வகைதான்.) பட்டறைகளில் கற்பிக்கப்படும், முழுக் கவனத்தோடு கேட்கும் முறையை 1957இல் விளக்கி எழுதிய உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் பார்சனும், பேசுபவர்மீது உள்ளபடியே மதிப்பில்லாமல் இதை வெறும் உத்தியாகக் கையாள முடியாது என்று அப்போதே எச்சரித்திருந்தார்கள். பட்டறைகளில் உத்தி மட்டும் மிஞ்சி, எச்சரிக்கை காணாமல் போய்விட்டது. கைபேசியைப் பார்த்தபடியே 'சொல்லுங்கள், கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்' என்பவர்கள், சைகை மொழியில் உரையாடுபவர்களை ஒருமுறை கவனிக்கலாம். அங்கே பார்வையை விலக்கினால் உரையாடலே நின்றுவிடும்.

மருத்துவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் புகார்களைப் பெறும் அலுவலர்களுக்கும் பயிற்சி அளிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. எதிரில் இருப்பவரின் சம்மதத்தோடு ஓர் உரையாடலைப் பதிவுசெய்து, பயிற்சி பெறுபவரே அதைப் போட்டுக் கேட்டு, தாம் எத்தனையாவது வினாடியில் குறுக்கிட்டோம், அப்போது எந்த வாக்கியம் பாதியில் நின்றது என்பதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். பெக்மனும் பிராங்கலும் செய்தது ஏறத்தாழ இதைத்தான். இதற்கு ஒரு கைபேசியும் அரை மணி நேரமும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்