கார்டில் ‘பென்டிங்’ என்று நிற்கும் தொகை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

எங்களுக்கு வரும் கோபமான மெயில்களில் முக்கால்வாசி இப்படித்தான் தொடங்குகிறது: “ஆர்டரை கேன்சல் செய்துவிட்டேன், நீங்களும் சரி என்று பதில் போட்டுவிட்டீர்கள், அப்புறம் ஏன் கார்டில் இன்னும் அந்தத் தொகை நிற்கிறது?” இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுகிறோம் என்றாலும், உள்ளே நடப்பது என்ன என்று எல்லோருக்கும் ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிட்டால் நீங்கள் தேவையில்லாமல் பதறாமல் இருக்கலாம். அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் ஒன்று. வங்கி ஆப்பில் ‘பென்டிங்’ என்று காட்டும் தொகை உங்களிடமிருந்து போய்விட்ட பணம் இல்லை, எங்களிடம் வந்துவிட்ட பணமும் இல்லை. பணம் செலுத்தும் பொத்தானை நீங்கள் அழுத்தியதும் விசா, மாஸ்டர்கார்டு மாதிரியான ஒரு நெட்வொர்க் வழியாக எங்கள் வங்கி உங்கள் வங்கியிடம் ஒரு கேள்வி கேட்கிறது: இந்தக் கார்டு செல்லுமா, இவ்வளவு தொகைக்கு லிமிட்டில் இடம் இருக்கிறதா? உங்கள் வங்கி பார்த்து, சந்தேகப்படும்படி எதுவும் இல்லை என்றால், ஆறு எழுத்தோ எண்ணோ கொண்ட ஒரு ஒப்புதல் குறியீட்டைத் திருப்பி அனுப்புகிறது. கூடவே அந்தத் தொகைக்கு உங்கள் லிமிட்டில் துண்டு போட்டு இடம் பிடித்து வைத்துவிடுகிறது. எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிடும். அந்த நிமிடம் வரை எங்கள் கணக்குக்கு ஒரு சல்லிக்காசு கூட வந்திருக்காது.

பணம் நகர்வது இரண்டாவது கட்டத்தில். பொருளை அனுப்பிய பிறகுதான் நாங்கள் “அந்தத் தொகையை இப்போது கொடுங்கள்” என்று கேட்கிறோம். அன்றன்று அனுப்பிய ஆர்டர்கள் எல்லாம் ஒரே கட்டாகச் சேர்ந்து போகும், அப்புறம் ஒன்றிலிருந்து மூன்று வேலை நாட்களுக்குள் உங்கள் கணக்கில் ‘பென்டிங்’ என்ற சொல் மறைந்து சாதாரணச் செலவாக ஏறும். வேலை நாட்கள் என்று சொன்னதைக் கவனியுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வாங்கியது புதன்கிழமை வரை பென்டிங்கிலேயே நிற்பது மிகச் சாதாரணம்.

பென்டிங்கில் இருக்கும்வரை அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது, மாத ஸ்டேட்மென்டின் மொத்தத்திலும் சேராது, ரிவார்டு புள்ளியும் வராது. ஆனால் லிமிட்டைத் தின்னும், சங்கடமே அதில்தான். லிமிட் 50,000, ஏற்கெனவே 30,000 செலவு, இப்போது 12,000 பென்டிங் என்றால் மீதி 8,000தான், அந்த 12,000 கேன்சல் ஆன ஆர்டருடையது என்றாலும்கூட! டெபிட் கார்டு என்றால் இன்னும் சிரமம், அங்கே முடங்கிக் கிடப்பது லிமிட் இல்லை, கணக்கில் இருக்கும் உங்கள் சொந்தப் பணம். அதனால் பெரிய தொகைக்கு, கேன்சல் செய்யும் வாய்ப்பு கொஞ்சம் இருந்தாலும், இரண்டு கார்டும் கையில் இருந்தால் கிரெடிட் கார்டையே பயன்படுத்துங்கள் என்று தயங்காமல் சொல்வோம்.

இனி, ஒரே ஆர்டருக்கு இரண்டு மூன்று தொகை காட்டுவது. இதற்கு ஒரு வழக்கமான காரணம் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது. பில்லிங் முகவரியில் வீட்டு எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். உங்கள் வங்கி தொகைக்கு ஒப்புதல் கொடுத்துவிடும், ஆனால் முகவரி பொருந்தவில்லை என்றும் சேர்த்துச் சொல்லும். எங்கள் பக்கத்துப் பாதுகாப்புச் சோதனை அதைப் பார்த்து ஆர்டரை நிராகரித்துவிடும். திரையில் “பேமென்ட் தோல்வி” என்று வரும், வங்கியிலோ அந்தத் தொகைக்கு இடம் பிடித்தாகிவிட்டது. நீங்கள் மறுபடியும் அழுத்துவீர்கள், இன்னொரு தடவை இடம் பிடிக்கும். மூன்றாவது தடவை முகவரியைச் சரிசெய்து ஆர்டர் போய்விடும், ஆப்பைத் திறந்தால் ஒரே தொகை மூன்று வரிகளாக நிற்கும். அதில் ஒன்றுதான் செலவாக ஏறும், மற்ற இரண்டும் உதிர்ந்துவிடும். ஒரு தடவை தோல்வி என்று வந்தால் உடனே மறுபடி அழுத்தாமல் முதலில் வங்கி ஆப்பைப் பாருங்கள், அங்கே பென்டிங் காட்டினால் எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொரு காரணம், பொருட்கள் தனித்தனியாகக் கிளம்புவது. மூன்று பொருளுக்கு மொத்தம் 6,000 பென்டிங் ஆகிறது. இரண்டு பொருள் திங்கட்கிழமை கிளம்புகிறது, அன்று 4,500 மட்டும் கேட்கிறோம். சில வங்கிகள் பழைய 6,000-ஐயும் புதிய 4,500-ஐயும் ஒன்றோடொன்று உடனே பொருத்திப் பார்த்துவிடும், சில பார்க்காது. பார்க்காத வங்கி என்றால் ஓரிரு நாட்களுக்கு 6,000 ஒரு வரியிலும் 4,500 இன்னொரு வரியிலும் நிற்கும், பார்ப்பவருக்கு 10,500 போய்விட்டது போலத் தோன்றும். கடைசியில் உங்களிடம் வாங்குவது 4,500, மூன்றாவது பொருள் கிளம்பும்போது மீதி 1,500, அவ்வளவுதான்.

சரி, கேன்சலுக்கு வருவோம். இதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். பொருள் கிளம்புவதற்கு முன்பே கேன்சல் செய்தால், நாங்கள் பணத்தையே கேட்டிருக்கவில்லை, ஆகவே ரீஃபண்ட் என்று ஒன்று வராது. பிடித்து வைத்த இடத்தை விட்டுவிடச் சொல்லி ஒரு செய்தி அன்றே எங்களிடமிருந்து போய்விடும். அதைப் பார்த்ததும் சில வங்கிகள் சில மணி நேரத்தில் விடுவித்துவிடுகின்றன, சில வங்கிகள் தங்கள் கெடு முடியும்வரை வைத்திருக்கின்றன. வழக்கமாக அந்தக் கெடு சில நாட்களிலிருந்து ஒரு வாரம் சுமாருக்கு இருக்கும், ஹோட்டல், வாடகைக் கார் மாதிரியான இடங்களில் 30 நாள்வரைகூடப் போகலாம். முடிந்ததும் அந்த வரி தடமே இல்லாமல் மறைந்துவிடும், வரவு என்று எதுவும் காட்டாது. “ரீஃபண்ட் எங்கே?” என்று தேடாதீர்கள், லிமிட் பழையபடி ஆகிவிட்டதா என்று மட்டும் பாருங்கள்.

பணம் ஏறிய பிறகு கேன்சல் செய்தாலோ பொருளைத் திருப்பி அனுப்பினாலோ அது ரீஃபண்ட். செலவு வரி அப்படியே இருக்கும், வரவாக இன்னொரு வரி வரும், வந்துசேர ஐந்திலிருந்து பத்து வேலை நாள்வரை ஆகலாம். இதற்கு 23 இலக்கத்தில் ஒரு குறிப்பு எண் உண்டு, கேட்டால் கொடுப்போம். அந்த எண்ணைச் சொன்னால் உங்கள் வங்கி பணம் எங்கே நிற்கிறது என்று தேடிப் பார்க்க முடியும். நடுவில் ஸ்டேட்மென்ட் வந்துவிட்டால் ஒரு ஆபத்து இருக்கிறது: “எப்படியும் ரீஃபண்ட் வரப்போகிறதே” என்று அதைக் கழித்துக்கொண்டு கட்டாதீர்கள். கடைசி தேதிக்குள் ஸ்டேட்மென்டில் உள்ளபடி கட்டிவிடுங்கள், பின்னால் வரும் ரீஃபண்ட் உங்கள் கணக்கில் வரவாக நிற்கும், எங்கும் போகாது. கழித்துக் கட்டி, மிச்சத்துக்கு வட்டியும் தாமதக் கட்டணமும் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறோம், மனசு கேட்கவில்லை, அதனால்தான் அழுத்திச் சொல்கிறோம்.

வேறு நாட்டுப் பணத்தில் வாங்கினால் பென்டிங்கில் காட்டிய தொகையும் கடைசியில் ஏறிய தொகையும் கொஞ்சம் வித்தியாசப்படும், மாற்று விகிதம் நடுவில் மாறிவிடுவதுதான் காரணம். அதேபோல் பென்டிங் வரியில் எங்கள் கடைப் பெயருக்குப் பதிலாக பேமென்ட் கேட்வேயின், அதாவது எங்களுக்காகக் கார்டுப் பணத்தை வாங்கித் தரும் நிறுவனத்தின், பெயர் வரலாம்.

ஆனால் பெயரும் தெரியவில்லை, தொகையும் நினைவில் இல்லை, வீட்டில் வேறு யாரும் வாங்கவும் இல்லை என்றால் பென்டிங் தானே என்று காத்திருக்கவே கூடாது. அது 1 ரூபாயோ 1 டாலரோ, எவ்வளவு சின்னத் தொகையாக இருந்தாலும் சரி, திருடிய கார்டு வேலை செய்கிறதா என்று இப்படித்தான் சோதித்துப் பார்ப்பார்கள். உடனே ஆப்பிலேயே கார்டை முடக்கிவிட்டு, கார்டின் பின்னால் அச்சிட்ட எண்ணில் வங்கியை அழையுங்கள். கடையோடு உள்ள வழக்கமான தகராறுகளை, பொருள் வரவில்லை, தொகை தப்பு என்பவற்றை, பொதுவாகச் செலவாக ஏறிய பிறகுதான் வங்கி பதிவு செய்யும். மோசடிக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம்.

எங்களால் முடியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். உங்கள் வங்கிக் கணக்கு எங்கள் கண்ணுக்குத் தெரியாது. விடுவிக்கச் சொல்லி நாங்கள் செய்தி அனுப்பலாம், அந்த வரியை அழிப்பது உங்கள் வங்கியின் கையில்தான் இருக்கிறது. அவசரமாக லிமிட் தேவைப்படுகிறது என்றால் எங்களுக்கு எழுதுங்கள்: ஒப்புதல் குறியீடு, தேதி, தொகை, இந்த ஒப்புதலை நாங்கள் பயன்படுத்தப் போவதில்லை என்ற உறுதி, நான்கும் கொண்ட கடிதம் அன்றே தருகிறோம். அதைக் காட்டினால் சில வங்கிகள் கெடுவுக்கு முன்பே விடுவிக்கின்றன. எங்களிடம் நேரடியாகப் பேச வேண்டும் என்று வங்கி கேட்டால் அழைப்பில் நாங்களும் சேர்ந்துகொள்கிறோம்.

எழுதும்போது ஆர்டர் எண், தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு இலக்கம், இவ்வளவு போதும். ஆப்பின் ஸ்கிரீன்ஷாட் இருந்தால் நல்லது, ஆனால் மற்ற செலவுகளை மறைத்துவிட்டு அனுப்புங்கள். முழு கார்டு எண், பின்னால் உள்ள மூன்று இலக்க எண், ஓடிபி ஆகியவற்றை நாங்கள் எப்போதும் கேட்க மாட்டோம். எங்கள் பெயரைச் சொல்லி “பென்டிங் தொகையை விடுவிக்கிறோம், ஓடிபி சொல்லுங்கள்” என்று யாராவது அழைத்தால் பேசாமல் வைத்துவிடுங்கள், அப்புறம் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள்.

அன்புடன்,
கணக்குப் பிரிவு