பழைய பேடைப் பார்க்காமல் புதியதை மாட்டாதீர்கள்: பிக்கப் வண்டி மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

பழைய பிக்கப் வண்டிகளின் பிரேக் வேலையை ஏற்றுச் செய்யும் பட்டறை உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

ஒரு பக்கத்து பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்தி நிறுத்தும் உராய்வுக் கட்டை) மட்டும் இரும்புவரை தேய்ந்து வரும் வண்டிக்கு, முன்சக்கரங்களின் பேடுகள் அனைத்தையும் மாற்றி, பிரேக் ஆயிலை நிரப்பி அனுப்பிவிடும் வழக்கத்தைக் குறித்தே இம்மடலை எழுதுகிறேன். புது பேட் போட்டதும் பிரேக் நன்றாகப் பிடிப்பதாகத்தான் தோன்றும். ஆனால் தேய்மானத்தின் காரணம் வண்டியிலேயே இருப்பதால், அதே சக்கரம் புது பேடையும் சீக்கிரமே தின்றுவிடும். அதற்கு முன்பே, நிறைய லோடுடன் அவசரமாக நிறுத்த நேர்ந்தால், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகக்கூடும். எனவே, கழற்றிய பேடுகள் எந்தச் சக்கரத்தவை, உள்பக்கத்தவையா வெளிப்பக்கத்தவையா, எந்த முனை மேலே இருந்தது என்று சாக்பீஸால் குறித்து வரிசையாக வைத்துப் பார்த்த பிறகே புதியவற்றை மாட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே பக்கத்தில் மட்டும் பிஸ்டன் உள்ள நகரும் வகைக் காலிப்பரில் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியில்), உள்பக்க பேட் அதிகமாகத் தேய்ந்திருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, காலிப்பர் நகர வழிகாட்டும் ஸ்லைடு பின்களைத்தான். பின் துருவேறி இறுகிவிட்டால் காலிப்பர் நகராது. பிஸ்டன் தள்ளும் உள்பக்க பேட் மட்டுமே வேலை முழுவதையும் செய்யும். பேட் ஒரு முனையில் தடித்தும் மறு முனையில் மெலிந்தும் ஆப்பு போல இருந்தால், இரண்டில் ஒரு பின் மட்டும் இறுகியிருக்கலாம், அல்லது பேடின் இரு முனைகளில் நீட்டியிருக்கும் காதுகள், அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டின் துருவில் சிக்கியிருக்கலாம். இடது, வலது சக்கரங்களுக்கிடையே வேறுபாடு தெரிந்தால், அதிகம் தேய்ந்த பக்கத்தையே குற்றவாளியாக்கிவிடாதீர்கள். பிஸ்டன் இறுகி வேலையே செய்யாத பக்கத்தில் பேட் தடிமனாகவே இருக்கும். அதன் சுமையையும் சேர்த்துச் சுமந்த பக்கம்தான் தேய்ந்திருக்கும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியதும் இரு பக்க டிஸ்க்குகளின் வெப்பத்தையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒப்பிட்டால், எது விடாமல் உரசுகிறது, எது பிடிக்கவே இல்லை என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

உரசும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பிரேக்கை ஒருமுறை மிதித்து, காலை எடுத்தபின் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால், காலிப்பரில் ஆயிலை வெளியேற்ற உதவும் பிளீடர் திருகைச் சற்றே தளர்த்துங்கள். ஆயில் பீச்சிக்கொண்டு வெளியேறி, சக்கரம் உடனே லேசாகச் சுற்றினால் அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது என்று பொருள். ஒரு சக்கரம் மட்டும் இப்படி என்றால், வெளியே பார்க்கப் புதிது போலிருந்தாலும் உள்ளே ஊதி அடைத்துக்கொண்ட ரப்பர் ஹோஸ் காரணமாக இருக்கலாம். எல்லாச் சக்கரங்களும் அப்படியானால், பிரேக் பெடலால் இயங்கி ஆயிலுக்கு அழுத்தம் தரும் மாஸ்டர் சிலிண்டரை நோக்கிப் போக வேண்டும். திருகைத் தளர்த்திய பிறகும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் கோளாறு பெரும்பாலும் பிஸ்டனிலோ பின்னிலோதான். சில நிமிடங்களே பிடிக்கும் இந்தச் சோதனையைத் தவிர்ப்பதற்கு நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து.

பின்பக்க டிரம்மில், அதன் உட்புறத்தில் உரசி நிறுத்தும் இரண்டு ஷூக்களும் சமமாகத் தேயாதது எப்போதும் கோளாறு ஆகாது. சக்கரம் சுழலும் திசையில் இழுக்கப்படும் ஷூ கூடுதலாகத் தேய்வது இயல்பே. ஆனால் ஆக்சில் சீல் கசிந்து, ஷூவின் உராய்வுப் பகுதியான லைனரில் கியர் ஆயில் ஏறியிருப்பதும், ஹேண்ட் பிரேக் கேபிள் துருவேறித் திரும்பாமல் நிற்பதும் இயல்பல்ல. பல பிக்கப்களில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பியால் இணைந்து, லோடுக்கேற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. அது வெற்று வண்டி நிலையிலேயே இறுகிவிட்டாலும், பின் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டதால் லோடு ஏற்றியும் வண்டி தாழாமல் நின்றாலும், பின்பிரேக்குக்குப் போதிய அழுத்தம் கிடைக்காமல் முன் பேடுகள் வேகமாகத் தேயும். இவ்வால்வை யாரும் குனிந்து பார்ப்பதே இல்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம்.

மாட்டும்போது ஸ்லைடு பின்களுக்குப் பெட்ரோலியக் கிரீஸ் தடவ வேண்டாம். அது ரப்பரை உப்பவைத்து மீண்டும் இறுக்கிவிடும், சிலிக்கோன் கிரீஸே ஏற்றது. டாட் 3, டாட் 4 வகை பிரேக் ஆயில்கள் ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே துருவை வளர்ப்பதால் பழைய ஆயிலை முழுவதும் மாற்றுங்கள். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உங்கள் நுரையீரலை எண்ணி, டிரம் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதாமல் ஈரப்படுத்தித் துடையுங்கள்.

வேலை முடிந்ததும் பழைய பேடுகளை உரிமையாளரிடம் காட்டி, கண்டறிந்த காரணத்தைப் பில்லில் ஒரு வரியாவது எழுதிக் கொடுங்கள். காரணத்தைத் தேடுவதற்கு ஆகும் நேரத்துக்குத் தனியாகக் கூலி கேட்கத் தயங்காதீர்கள்; அதைக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
பழைய பிக்கப் வண்டி உரிமையாளர் ஒருவர்