பழகிப்போனது உடல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காசநோய் பற்றிய உங்கள் ஞாயிறு இணைப்பில், "உடல் மருந்துக்குப் பழகிவிடுவதால் மாத்திரை பலிப்பதில்லை" என்று ஒரு வரி வந்திருந்தது. மும்பையில் சளிப் பரிசோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் என்ற முறையில் அதை மறுக்கிறேன்.

எதிர்த்து நிற்பது உடல் அல்ல, கிருமி. ஜூலை மழையில் வீட்டுக்குள் புகும் தண்ணீரை வாளியால் மொண்டு வெளியே ஊற்றுவோமே, கிருமியின் சவ்வில் இருக்கும் சில புரதங்கள் உள்ளே வந்த மருந்தை அப்படித்தான் இறைத்துவிடுகின்றன. பெடாகுவிலின், கிருமியின் ஆற்றல் உற்பத்தியையே முடக்கும் அருமையான மருந்து. ஆனால் எம்எம்பிஎல்5 என்ற புரதம் அதை வெளியேற்றிவிடும். வழக்கமாக அந்தப் புரதம் அளவோடு இருக்கும்படி ஆர்வி0678 என்ற மரபணு அடக்கி வைத்திருக்கிறது. அந்த மரபணு பழுதானால் புரதம் பெருகிவிடும். பெடாகுவிலினோடு, தொழுநோய்க்கும் தருகிற குளோஃபாசிமினும் வெளியே போகும். ஒன்றைச் சாப்பிட்டவருக்கு, கையால் தொடாத மற்றொன்றும் பலிக்காமல் போகலாம். அப்படி மாறிய கிருமி, அடுத்தவர் இருமலிலிருந்தும் வந்து தொற்றலாம்.

தாராவியில் எங்கள் வீட்டு வரிசையில் ஒரு பெண்ணுக்குச் சிகிச்சை பலிக்கவில்லை. "மாத்திரையை ஒழுங்காகப் போட்டாயா?" என்று மூன்று முறை கேட்டார்கள். காலி அட்டைகளையெல்லாம் பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த அவள் அம்மா, டப்பாவோடு போய்க் கொட்டிக் காட்டினார். அந்தத் தாயை அப்படி நிற்க வைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

பாதியில் நிறுத்துவது ஆபத்துதான், அதையும் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகும் பெடாகுவிலின் மாதக்கணக்கில் குறைந்த அளவில் உடலில் தங்கும். மாறிய கிருமிகள் தலையெடுக்க அதுவே தோதான காலம்.

இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும் கார்ட்ரிட்ஜ் பரிசோதனை, காசநோயின் முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினைக் கிருமி எதிர்க்கிறதா என்று காட்டும். பெடாகுவிலினை இறைத்துவிடும் அந்தப் புரதத்தின் வேலையைக் காட்டாது. அதை அறிய, கிருமியை வளர்த்து (இதுதான் கல்ச்சர்), மருந்தோடு வைத்துப் பார்க்க வேண்டும்; அதற்கு வாரங்கள் ஆகும். ஆகவே பெடாகுவிலின் தொடங்கும் அன்றே சளியைக் கல்ச்சருக்கும் அனுப்பியாக வேண்டும். "பெடாகுவிலினுக்கும் சோதித்தீர்களா, முடிவு வந்ததா?" என்று வீட்டார் கூசாமல் கேட்க வேண்டும்.

அடுத்த இணைப்பில் அந்த வரியைத் திருத்தி வெளியிடுங்கள். பேரப்பிள்ளைகளிடம் உங்கள் இதழைக் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிற பாட்டிமார் இங்கே இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்,
தாராவி, மும்பை