நடைபாதையைப் பெயர்க்கும் முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள்

பெருநகரங்களில் சாலை, நடைபாதை வேலைகளைப் பார்க்கும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும்,

வணக்கம். நகரத்தில் கால் போன போக்கில் நடந்து பழைய மிச்சம் மீதிகளைத் தேடிப் பார்க்கும் கூட்டத்தில் ஒருவன் எழுதுகிறேன். கோட்டை, அரண்மனை பற்றிப் பேச வரவில்லை. அவற்றுக்கு வேலி, காவலாளி, அறிவிப்புப் பலகை எல்லாம் உண்டு, உங்கள் ஜேசிபி அந்தப் பக்கம் போகாது. நான் சொல்வது எந்தப் பட்டியலிலும் ஏறாத சில்லறைச் சாமான்களை. அவை தப்புவதும் ஒழிவதும் உங்கள் கையில்தான், பெரும்பாலும் உங்களுக்கே தெரியாமல்.

லண்டன் நடைபாதைகளில் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக வட்ட இரும்பு மூடிகள் கிடக்கும். 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக்குள் கரி சிந்தாமல், தெருவிலிருந்தே நிலவறைக்குள் நிலக்கரியைக் கொட்ட வைத்த துளைகள் அவை. வட்டமாக இருப்பதால் மூடி உள்ளே விழாது, துளை சின்னது என்பதால் திருடனும் இறங்க முடியாது. மேலே நட்சத்திரமும் பூவுமாகப் புடைத்து நிற்பது அழகுக்கு மட்டுமல்ல, மழையில் கால் வழுக்காமல் இருக்கவும்தான். நிலக்கரிப் புகையால் 1952இல் லண்டனை மூடிய நச்சுப் புகைமூட்டமும் அதையடுத்து 1956இல் வந்த தூய காற்றுச் சட்டமும் கரியடுப்பு காலத்தை முடித்துவைத்தன, மூடிகள் மட்டும் தங்கிவிட்டன. அப்புறம் நடைபாதைக்குப் புதுக்கல் பதிக்க ஆள் வருகிறார், மூடி பழைய இரும்போடு போய்விடுகிறது.

தென் லண்டன் குடியிருப்புகள் சிலவற்றின் கம்பிவேலியை உற்றுப் பார்த்தால் இரு முனையிலும் வளைவு தெரியும். அது வேலிக்காகச் செய்ததே அல்ல. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சில் அடிபட்டவர்களைத் தூக்கிய ஸ்ட்ரெச்சர்! விஷவாயு பட்டாலும் கழுவிவிடலாம் என்று முழுக்க இரும்பில் செய்தார்கள், தரையில் வைத்தால் கை நுழைய இடம் வேண்டும் என்று வளைத்தார்கள். போருக்காகப் பழைய வேலிகளை அறுத்துக் கொடுத்திருந்த இடங்களில், போர் முடிந்ததும் இவற்றை நிறுத்தி வைத்தார்கள். துருப்பிடித்த வேலி என்று கழற்றிப் போட்டால் போனது வேலி மட்டுமா?

பாரிஸில் மீட்டர் என்ற அளவு புதிதாக வந்தபோது, மக்கள் ஒப்பிட்டுப் பழகட்டும் என்று 1796-97இல் 16 இடங்களில் ஒரு மீட்டர் நீளத்தைக் காட்டும் பளிங்கு அளவுகோல்களைச் சுவரில் பதித்தார்கள். மிச்சம் இரண்டு. வைத்த இடத்திலேயே இருப்பது வோஜிரார் தெருவில் உள்ள ஒன்றுதான்.

சரி, இதற்காக வேலையை நிறுத்தச் சொல்கிறேனா? இல்லை. குழாய் போடத்தான் வேண்டும், குண்டும் குழியுமான நடைபாதையில் முதியவர்களை நடக்க விடுவதில் எந்தப் பெருமையும் இல்லை. ஆனால் எதை நகர்த்தலாம், எதைத் தொடவே கூடாது என்ற வித்தியாசம் தெரிய வேண்டும். இரும்பு மூடியை எடுத்துவிட்டு அதே இடத்தில் திரும்பப் பதிக்கலாம். பிரிட்டனில் சுவர்களில் கிடைக்கோடும் அதன் கீழே அம்புக்குறியுமாக வெட்டியிருக்கும் உயரக் குறியீட்டை அப்படிச் செய்ய முடியாது. கடல் மட்டத்திலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்பதுதான் அதன் விஷயமே, ஒரு விரற்கடை தள்ளிப் பதித்தாலும் அது வெறும் கீறல்.

அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: பெயர்க்கும் முன் படம் எடுக்க வேண்டும், எடுத்ததை அதே இடத்தில் வைக்க வேண்டும். பாலிஷும் பெயின்ட்டும் தயவுசெய்து வேண்டாம். மூடியைக் கழற்றி வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளும் ஆர்வலர்கள் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்தே திட்டிக்கொள்ளுங்கள்.

எந்தத் தெருவில் எப்போது தோண்டப் போகிறீர்கள் என்று ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதும். என்ன எங்கே இருக்கிறது என்று படத்தோடு, காசு வாங்காமல், உங்கள் மேஜைக்கு அனுப்பிவைக்க நடப்பவர்கள் நாங்கள் இருக்கிறோம்.